சொந்தமாக ஒரு செஸ் இன்ஜின்: எழுதுவது முதல் வளர்ப்பது வரை, சத்துவாச்சாரி மாடியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

போன வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வேலூரில் மே மாத மதியம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் ஆறு பிள்ளைகள் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழாவதாக வந்த ஒருவனுக்கு மட்டும் ஜோடி இல்லை; அவனை என் லேப்டாப் முன்னால் உட்கார வைத்திருந்தேன். எதிராளி நான் எழுதிய இன்ஜின், அதாவது தானாகவே செஸ் ஆடும் நிரல். பையனிடம் தனி ராஜா, இன்ஜினிடம் ராஜாவும் ஒரு யானையும். திரையில் "மூன்று மூவில் மேட்" என்று வந்தது. அடுத்த மூவிலும் மூன்றில் மேட். அதற்கு அடுத்ததிலும் மூன்றில் மேட். யானை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உலா போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஐம்பது மூவ் விதிப்படி டிரா. பையன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "இன்னா சார் இது, மேட் மேட்னு சொல்லிகினே கீது, போட மாட்டேன்னுது?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு நான்கு இரவு பிடித்தது. பதிலைக் கீழே அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறவன். செஸ்ஸில் பெரிய ஆள் கிடையாது. மூன்றாவது மாதமே என் இன்ஜின் என்னை அடித்துவிட்டது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன், இதற்கு கிராண்ட்மாஸ்டர் ஆட்டம் தெரிய வேண்டாம். விதிகள் சுத்தமாகத் தெரிய வேண்டும், ஓரளவு நிரல் எழுத வர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் கணக்கு வைத்துக்கொள்கிற புத்தி வேண்டும்.

புதிதாக எழுதுவதா, இருப்பதில் கை வைப்பதா

ஸ்டாக்ஃபிஷ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2008ல் டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய கிளாரங் என்ற ஓப்பன் சோர்ஸ் இன்ஜினிலிருந்து மார்கோ கோஸ்டால்பா கிளை பிரித்து ஆரம்பித்தது அது. இன்றைக்கு உலகத்திலேயே பலமான இன்ஜின்களில் முதல் வரிசை. நேராக அதையே எடுத்து நாலு வரி மாற்றினால் போகாதா என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அதில் இருக்கிற ஒவ்வொரு வரியும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பார்த்து உள்ளே வந்தது. எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் கோட்டைச் சுவரில் கல்லை உருவுகிற கதைதான்.

என் யோசனை: முதலில் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, சொந்தமாக ஒன்று எழுதுங்கள். தேடல் வரை வந்து, அது ஒழுங்காக ஆடத் தொடங்கிய பிறகு ஸ்டாக்ஃபிஷ் மூல நிரலைத் திறங்கள். அப்போது அது கதைப் புத்தகம் மாதிரி ஓடும்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை, இதில் சறுக்குகிறவர்கள் அதிகம். ஸ்டாக்ஃபிஷ் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. அதிலிருந்து நிரலை எடுத்து உங்கள் இன்ஜினில் போட்டு வெளியிட்டால் உங்கள் மூல நிரலையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். விளையாட்டு இல்லை: 2021ல் ஸ்டாக்ஃபிஷ் குழு இதே காரணத்துக்காக ஜெர்மனியில் செஸ்பேஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, 2022 நவம்பரில் சமரசம் ஆனது. யோசனையை யாரிடமிருந்தும் எடுக்கலாம். நிரலை எடுத்தால் சொல்லிவிட்டு எடுங்கள்.

மொழி சி பிளஸ் பிளஸ் அல்லது ரஸ்ட். பைத்தானில் கற்றுக்கொள்ளலாம், ஆனால் வேகத்தில் பல மடங்கு பின்தங்கும். செஸ் இன்ஜினுக்கு வேகம்தான் சாப்பாடு. எட்டு ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியை முதல் நாளே போட்டுவிடுங்கள். எதற்கு என்பது டெஸ்டிங் பகுதியில் புரியும்.

போர்டை நினைவில் வைப்பது

64 கட்டம், 64 பிட். இந்தப் பொருத்தம் நமக்கு வரம். ஏ1 என்ற கட்டம் பூஜ்யமாவது பிட், ஹெச்8 என்பது 63. வெள்ளைச் சிப்பாய்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்பது ஒரே ஒரு 64 பிட் எண். அதை எட்டு பிட் இடப்பக்கம் தள்ளினால் எட்டுச் சிப்பாயும் ஒரே அடியில் ஒரு கட்டம் முன்னேறிவிடும். இதற்குப் பெயர் பிட்போர்டு. ஆறு வகைக் காய்க்கு ஆறு, இரண்டு நிறத்துக்கு இரண்டு, ஆக எட்டு எண்கள் வைத்தாலே முழுப் போர்டும் வந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: ஹெச் வரிசையில் நிற்கும் குதிரை வலப்பக்கம் தாவினால் பிட் கணக்கில் அது ஏ வரிசையில் போய்க் குதிக்கும். ஓரத்துக்கு மாஸ்க் போட மறக்காதீர்கள். யானை, மந்திரி, ராணி மாதிரி நீளமாக ஓடும் காய்களுக்கு மேஜிக் பிட்போர்டு என்ற வேகமான வழி உண்டு. முதல் வாரத்தில் அது வேண்டாம். ஒவ்வொரு திசையிலும் லூப் ஓட்டி, காய் குறுக்கே வந்தால் நிறுத்துங்கள். சரியாக ஓடிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மூவை ஆடிவிட்டுத் திரும்ப எடுப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, மாற்றியதை எல்லாம் குறித்து வைத்துத் திருப்பிப் போடுவது. இன்னொன்று, ஆடும் முன் முழு நிலையையும் நகல் எடுத்து வைப்பது. இரண்டாவதையே பிடித்துக்கொள்ளுங்கள். நிலை ஒன்றுக்கு நூறு, இருநூறு பைட்தான் வரும், நகல் எடுப்பது செலவே இல்லை. திருப்பிப் போடுவதில் வரும் பிழைகளைத் தேடி நான் தொலைத்த சனிக்கிழமைகள் திரும்பி வராது.

கூடவே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு அடையாள எண் வேண்டும். 1970ல் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் சொன்ன வழி இன்னும் மாறவில்லை. 12 வகைக் காயும் 64 கட்டமும் பெருக்கினால் 768. யார் ஆட வேண்டும் என்பதற்கு ஒன்று, கோட்டை கட்டும் உரிமைகளுக்கு நான்கு, ஆன் பசான் (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) வரிசைக்கு எட்டு. மொத்தம் 781 தற்செயல் எண்கள். நிலையில் இருக்கிற அம்சங்களின் எண்களை எக்ஸ்-ஆர் செய்தால் அடையாளம் வந்துவிடும்.

மூவ் ஜெனரேஷன்: இங்கே அவசரப்படாதீர்கள்

ஒரு நிலையில் ஆடக்கூடிய மூவ்களை எல்லாம் பட்டியல் போடும் பகுதி இது. பாதிப் பேர் இந்த இடத்தில் அவசரப்பட்டு, ஆறு மாதம் கழித்துத் தேடலில் பிழை என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். சரிபார்க்க பெர்ஃப்ட் என்ற சோதனை இருக்கிறது: ஒரு நிலையிலிருந்து இத்தனை மூவ் ஆழத்துக்கு மொத்தம் எத்தனை வழிகள் என்று எண்ணிப் பார்ப்பது. ஆரம்ப நிலையில் ஒரு மூவுக்கு 20, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 8,902, நான்குக்கு 1,97,281, ஐந்துக்கு 48,65,609. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிழைதான், தோராயம் என்ற பேச்சே இல்லை.

ஆரம்ப நிலை மட்டும் பாஸ் ஆனால் போதாது. எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்த நிலை ஒன்று உண்டு, போர்டு எடுத்து அடுக்கிப் பாருங்கள். வெள்ளை: ராஜா ஏ5, யானை பி4, சிப்பாய்கள் பி5, இ2, ஜி2. கறுப்பு: ராஜா ஹெச்4, யானை ஹெச்5, சிப்பாய்கள் சி7, டி6, எஃப்4. வெள்ளை ஆட வேண்டும். ஒரு மூவுக்கு 14 வர வேண்டும், இரண்டுக்கு 191, மூன்றுக்கு 2,812.

எனக்கு 14 சரியாக வந்தது. இரண்டுக்கு 193. இரண்டே இரண்டு அதிகம்.

இப்படி வந்தால் மொத்த எண்ணிக்கையை முறைத்துப் பார்த்துப் பயனில்லை. முதல் மூவ் ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை என்று தனித்தனியாகப் பிரித்து அச்சிடுங்கள். இதை டிவைட் என்பார்கள். ஸ்டாக்ஃபிஷிலும் அதே நிலைக்கு அதே கட்டளையைக் கொடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு இ2-இ4க்குக் கீழே 16 இருக்க வேண்டிய இடத்தில் 17, ஜி2-ஜி4க்குக் கீழே 17 இருக்க வேண்டிய இடத்தில் 18. மற்ற பன்னிரண்டும் சரி.

போர்டைப் பாருங்கள். இ2-இ4 ஆடிய பிறகு நான்காம் வரிசையில் வெள்ளை யானை, வெள்ளைச் சிப்பாய், கறுப்புச் சிப்பாய், கறுப்பு ராஜா என்று வரிசையாக நிற்கின்றன. நடுவில் இரண்டு சிப்பாய் இருப்பதால் எஃப்4 சிப்பாய் கட்டுண்டதாகக் கணக்கில் வராது. ஆனால் அது ஆன் பசானில் வெட்டினால் தானும் இ3க்குப் போய்விடும், இ4 சிப்பாயும் காணாமல் போகும். வரிசையே காலி. யானை நேராக ராஜாவைப் பார்க்கும். ஆகவே அந்த வெட்டு செல்லாது. ஒரே மூவில் ஒரு வரிசையிலிருந்து இரண்டு காய் மறைவது செஸ்ஸில் இது ஒன்றுதான். நான் எழுதிய சோதனை ஒரு காய் மறைவதைத்தான் பார்த்தது. தீர்வு எளிது: ஆன் பசானுக்கு மட்டும் மூவை ஆடிப் பார்த்து, ராஜாவுக்கு செக் இருந்தால் தள்ளிவிடுங்கள். அபூர்வமாக வருகிற மூவ், வேகம் குறையாது.

இன்னொரு பிழை எங்கள் ஊருக்கென்றே செய்தது மாதிரி. வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்ல, கோயில் இருக்கு சாமி இல்ல. (மூன்றாவது 1981ல் பொய்யாகிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்துதான் கோட்டைக்குத் திரும்பப் போனார்.) என் இன்ஜின் இந்தப் பட்டியலில் நான்காவதைச் சேர்த்தது: கோட்டை இருக்கு, யானை இல்ல. ஹெச்8 யானையை எதிரி வெட்டிவிட்டான், கோட்டை கட்டும் உரிமையை மட்டும் நான் அழிக்கவில்லை. ராஜா ஜி8க்குப் போய் இல்லாத யானையைத் தாண்டி உட்கார்ந்துகொண்டார். யானை நகர்ந்தால் மட்டுமில்லை, வெட்டுப்பட்டாலும் உரிமை போக வேண்டும். எந்த மூவாக இருந்தாலும் புறப்பட்ட கட்டம், சேர்ந்த கட்டம் இரண்டுக்கும் உரிமையை அழிக்கிற ஒரு சின்ன அட்டவணை வைத்தால் இந்தத் தொல்லை ஒரேயடியாகத் தீரும்.

யுசிஐ

இன்ஜினுக்குச் சொந்தமாகப் படம் வரைந்துகொண்டிருக்க வேண்டாம். 2000ல் ஸ்டெஃபான் மேயர்-காலன் கொண்டுவந்த யுசிஐ என்ற பேச்சு முறை இருக்கிறது. செஸ் செயலி ஒரு வரி அனுப்பும், இன்ஜின் ஒரு வரி பதில் சொல்லும், அவ்வளவுதான். ஐந்தாறு கட்டளை எழுதினாலே ஆடத் தொடங்கிவிடும். பதிலை அனுப்பியதும் அவுட்புட்டை ஃப்ளஷ் செய்யுங்கள். செய்யாவிட்டால் இன்ஜின் பதில் சொல்லியும் செயலிக்குக் கேட்காமல், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

தேடல்

சராசரியாக ஒரு நிலையில் 35 மூவ் இருக்கிறது என்று வையுங்கள். ஆறு மூவ் ஆழத்துக்கு எல்லாவற்றையும் பார்த்தால் சுமார் 184 கோடி நிலைகள். ஆல்ஃபா-பீட்டா என்ற, வேண்டாத கிளைகளை அறுக்கும் தேடல் முறை இதில் செய்கிற மாயம்: நல்ல மூவை முதலில் பார்த்துவிட்டால், மற்றது மோசம் என்று நிரூபிக்க எதிரியின் ஒரே ஒரு நல்ல பதில் போதும், மீதியைப் பார்க்க வேண்டாம். வரிசை கச்சிதமாக அமைந்தால் அந்த 184 கோடி, 85,749 ஆகச் சுருங்கும். வரிசை தலைகீழாக அமைந்தால் ஒன்றுமே மிச்சமாகாது. ஆகவே தேடலில் உங்கள் உழைப்பில் பாதி மூவ்களை வரிசைப்படுத்துவதில் போக வேண்டும்.

முதலில் முந்தைய தேடல் கண்டுபிடித்த மூவ். பிறகு வெட்டுகள், அதிலும் பெரிய காயைச் சின்னக் காயால் வெட்டுவது முன்னால்: சிப்பாய் ராணியை வெட்டுவதைப் பார்த்த பிறகுதான் ராணி சிப்பாயை வெட்டுவதைப் பார்க்க வேண்டும். அதன் பின் பக்கத்துக் கிளைகளில் வேலை செய்த அமைதியான மூவ்கள். மிச்சத்தை, இதுவரை எந்த மூவ் எத்தனை முறை கிளையை அறுத்தது என்ற வரலாற்றுக் கணக்குப்படி அடுக்குங்கள்.

ஆழம் 1, பிறகு 2, பிறகு 3 என்று படிப்படியாகப் போங்கள். திரும்பத் திரும்ப முதலிலிருந்து தேடுவது வீண் வேலை மாதிரி தெரியும். ஆனால் ஆழம் ஏழில் கிடைத்த விடை ஆழம் எட்டின் வரிசையைச் சரியாக்கிக் கொடுப்பதால் மொத்த நேரம் குறைகிறது. நேரம் முடிந்தால் கையில் எப்போதும் ஒரு மூவ் இருக்கும் என்பது இன்னொரு லாபம்.

ஆழம் தீர்ந்த இடத்தில் அப்படியே மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். கடைசி மூவில் ராணி ஒரு சிப்பாயை வெட்டியிருக்கும், இன்ஜின் ஒரு சிப்பாய் லாபம் என்று குதூகலிக்கும். அடுத்த மூவில் ராணியே போகப்போவது அதற்குத் தெரியாது. வெட்டுகள் தீரும் வரை வெட்டுகளை மட்டும் தொடர்ந்து பார்க்கிற அமைதித் தேடலைக் கடைசியில் சேர்த்தால்தான் இன்ஜின் மனுஷத்தனமாக ஆடும்.

அடுத்தது டிரான்ஸ்பொசிஷன் டேபிள். ஒரே நிலைக்கு வெவ்வேறு மூவ் வரிசையில் வந்து சேரலாம். முன்பு பார்த்த விடையை ஸோப்ரிஸ்ட் எண்ணை வைத்து எடுத்துக்கொள்ளலாம். பதிவுக்கு 16 பைட் என்றால் 64 எம்பியில் 40 லட்சத்துக்கு மேல் நிலைகள் அடங்கும். அந்தப் பையனின் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருந்தது.

மேட்டுக்கு மதிப்பெண் 30,000 கழித்தல் ஆரம்பத்திலிருந்து எத்தனையாவது அரை மூவில் (ஒரு பக்கத்தின் ஒரு நகர்வு) மேட் விழுகிறது என்ற எண். தேடலில் ஐந்தாவது அரை மூவில் ஒரு நிலை, எட்டாவதில் மேட் என்றால் மதிப்பெண் 29,992. நான் அந்த 29,992ஐ அப்படியே டேபிளில் போட்டேன். இரண்டு மூவ், அதாவது இரு பக்கமும் சேர்த்து நான்கு அரை மூவ் ஆடிய பிறகு அதே நிலை, இப்போது ஆரம்பத்திலிருந்து முதல் அரை மூவிலேயே இருக்கிறது. மேட் நான்காவதில் விழும், மதிப்பெண் 29,996 ஆக வேண்டும். டேபிளோ பழைய 29,992ஐ நீட்டுகிறது. இன்ஜினுக்கு எது கிட்டத்து மேட், எது தூரத்து மேட் என்றே தெரியவில்லை. எந்தப் பக்கம் போனாலும் மேட் இருக்கிறதே என்று யானையை உலா அனுப்பியது. சரி செய்வது இரண்டு வரி. எழுதும்போது இருக்கும் ஆழத்தைக் கூட்டி 29,997 என்று வையுங்கள், அதாவது இந்த நிலையிலிருந்து மூன்று அரை மூவில் மேட். படிக்கும்போது அப்போதைய ஆழத்தைக் கழியுங்கள், 29,996 வரும். நான்கு இரவு, இரண்டு வரி.

மதிப்பெண் போடுவது

எளிமையாகத் தொடங்குங்கள். சிப்பாய் 100, குதிரை 320, மந்திரி 330, யானை 500, ராணி 900. அதோடு எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றால் எத்தனை கூடுதல் என்று ஓர் அட்டவணை. நடு ஆட்டத்துக்கு ஒன்று, கடைசி ஆட்டத்துக்கு ஒன்று என இரண்டாக வையுங்கள். நடு ஆட்டத்தில் மூலையில் ஒளிய வேண்டிய ராஜா, கடைசியில் நடுவுக்கு வர வேண்டும் அல்லவா. குதிரைக்கும் மந்திரிக்கும் ஒன்று, யானைக்கு இரண்டு, ராணிக்கு நான்கு என்று போர்டில் மிச்சமிருப்பதைக் கூட்டினால் ஆரம்பத்தில் 24 வரும். அந்த எண் குறையக் குறைய ஒரு அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல நகருங்கள்.

எண்களை நீங்களே உட்கார்ந்து திருத்தாதீர்கள். முடிவு தெரிந்த ஆட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான அமைதியான நிலைகளை எடுத்து, உங்கள் மதிப்பெண் முடிவை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்று பார்த்து, பிழை குறையும் வரை எண்களைக் கணினியே அசைக்கட்டும். டெக்ஸல் இன்ஜினை எழுதிய பீட்டர் ஓஸ்டர்லுண்ட் பிரபலமாக்கிய இந்த முறைக்கு டெக்ஸல் டியூனிங் என்றே பெயர். லிசெஸ் தளத்தின் ஆட்டங்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

டெஸ்டிங்: மொத்த விஷயமும் இங்கேதான்

ராஜா பாதுகாப்புக்காக நாற்பது வரி எழுதினேன். ராஜாவைச் சுற்றி எதிரிக் காய்கள் எத்தனை, திறந்த வரிசை எத்தனை என்று அழகான கணக்கு. பழைய இன்ஜினோடு நூறு ஆட்டம் விட்டேன். 56 புள்ளி எடுத்தது! ஆடுகிறவரின் பலத்தை அளக்கும் ஈலோ கணக்கில் 42 கூடுதல். வீட்டில் ஆற்காடு மக்கன்பேடா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். எதற்கு என்று மனைவிக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் நாலாயிரம் ஆட்டம் விட்டேன். பழையதை விட ஏழு ஈலோ குறைவு.

நூறு ஆட்டத்தில் பிழை வீச்சு கூட்டியோ குறைத்தோ ஐம்பதுக்கு மேல் போகும். 42 என்று வந்தது காசு சுண்டிப் பார்த்த மாதிரிதான். ஐந்து ஈலோ முன்னேற்றம் என்றால் ஆயிரம் ஆட்டத்தில் 507க்கு 493. இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தை நம்பிக்கையாகப் பார்க்கப் பன்னிரண்டாயிரம் ஆட்டம் போல் வேண்டும். வளர்ந்த இன்ஜினில் நல்ல யோசனை ஒன்றின் மதிப்பே இரண்டு, மூன்று ஈலோதான்.

இதற்கு எல்லோரும் பயன்படுத்துவது எஸ்பிஆர்டி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தரச் சோதனைக்காக ஆபிரகாம் வால்ட் உருவாக்கிய முறை. இத்தனை ஆட்டம் என்று முன்பே முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு ஆட்டமும் முடிய முடிய ஓர் எண் ஏறி இறங்கும். ஐந்து சதவீதப் பிழை அனுமதித்தால், 2.94ஐத் தொட்டால் பாஸ், மைனஸ் 2.94ஐத் தொட்டால் பெயில். மோசமான யோசனை சீக்கிரமே விழுந்துவிடும், நேரம் மிச்சம். ஆரம்பத்தில், சோதிக்கிற முன்னேற்றத்தின் எல்லைகளைப் பூஜ்யம், பத்து ஈலோ என்று வையுங்கள். இன்ஜின் வளர்ந்த பிறகு பூஜ்யம், ஐந்து.

ஓட்டுவதற்கு கியூட்செஸ் அல்லது ஃபாஸ்ட்செஸ். இரண்டும் இலவசம். ஒவ்வொரு தொடக்க நிலையையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆட விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்த தொடக்கம் கணக்கைக் கெடுக்கும். நேரம் எட்டு நொடி, மூவுக்கு 0.08 நொடி கூடுதல் என்பது வீட்டு லேப்டாப்புக்குச் சரியான அளவு. ஆட்டம் ஒன்று 25 நொடி என்றால், ஒரே நேரத்தில் நான்கு ஓட்டிப் பன்னிரண்டாயிரம் முடிக்க 21 மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் மறுநாள் ஆபீஸிலிருந்து பஸ்ஸில் பாலாறு தாண்டி வீடு சேரும்போது முடிவு காத்திருக்கும்.

இந்த ஊருக்கென்று ஒரு குறிப்பு. வெயில் காலத்தில் லேப்டாப் சூடானால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆட்டங்கள் நேரத்தில் தோற்கத் தொடங்கும். நாற்பது டிகிரியில் எட்டு கோரையும் முடுக்காதீர்கள். கோர் எண்ணிக்கையில் பாதியை மட்டும் கொடுங்கள், அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி வையுங்கள், நேரத் தோல்வி எத்தனை என்று முடிவில் பாருங்கள். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் நான் அந்த டெஸ்டைக் குப்பையில் போட்டுவிடுவேன். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஆட்டங்களைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

ஒரு டெஸ்டில் ஒரே ஒரு மாற்றம். இரண்டு மாற்றத்தைச் சேர்த்துப் போட்டு பாஸ் ஆனால், ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று இருக்கலாம். உங்களுக்குத் தெரியவே வராது. அதற்காகத்தான் கிட்டில் மாற்றத்துக்கு ஒரு கிளை. கூடவே பெஞ்ச் என்று ஒரு கட்டளை எழுதுங்கள்: குறிப்பிட்ட சில நிலைகளைக் குறிப்பிட்ட ஆழத்துக்குத் தேடி, மொத்தம் எத்தனை நிலை பார்த்தது என்று ஒரு எண் சொல்லும். வேகத்துக்காக மட்டும் நிரலை மாற்றினால் அந்த எண் மாறக் கூடாது. மாறினால் தெரியாமல் எதையோ உடைத்திருக்கிறீர்கள்.

கிளைகளை அறுப்பது

டெஸ்டிங் கையில் வந்த பிறகே இதில் இறங்குங்கள். ஈலோ நூற்றுக்கணக்கில் ஏறுவது இங்கேதான்.

நல் மூவ் (null, வெற்று மூவ்): என் முறையை விட்டுக்கொடுத்தும் நான் நன்றாக இருந்தால், இந்த நிலையை ஆழமாகப் பார்க்கத் தேவையில்லை. ஆழத்தில் மூன்று குறைத்துத் தேடிப் பாருங்கள். செக்கில் இருக்கும்போது கூடாது. ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிச்சமிருந்தாலும் கூடாது, ஏனென்றால் அங்கே நகர வேண்டிய கட்டாயமே தோல்வியாக முடியலாம். முறையை விட்டுக்கொடுப்பது லாபமாகத் தெரிந்து இன்ஜின் ஏமாறும்.

பின்னால் வரும் மூவ்களின் ஆழத்தைக் குறைப்பது, எல்எம்ஆர் என்பார்கள். வரிசை நன்றாக இருந்தால் பன்னிரண்டாவது மூவ் சிறந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. 0.75 கூட்டல், ஆழத்தின் இயல் மடக்கையும் மூவ் எண்ணின் இயல் மடக்கையும் பெருக்கி 2.25ஆல் வகுத்தது என்பது நல்ல தொடக்கம். ஆழம் 8, மூவ் 12 என்றால் மூன்று குறையும். குறைத்துத் தேடியதில் எதிர்பாராமல் நல்ல மதிப்பெண் வந்தால் முழு ஆழத்தில் மறுபடி தேடுங்கள், இதை விட்டால் மொத்தமும் பாழ்.

எதிர்பார்ப்புக்கு மேல் மிக நல்ல மதிப்பெண் இருந்தால் தேடாமலே திரும்புவது, முந்தைய மதிப்பெண்ணைச் சுற்றிக் குறுகிய சாளரம் வைப்பது இரண்டும் பத்து வரி வேலை. ஒவ்வொன்றாக, டெஸ்ட் போட்டு.

நியூரல் நெட்

2018ல் யு நாசு ஜப்பானியச் செஸ்ஸான ஷோகிக்காக உருவாக்கிய, மதிப்பெண் போடும் நியூரல் நெட்டான என்என்யுஇ என்ற அமைப்பு 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 வழியாகச் செஸ்ஸுக்குள் வந்தது, அதோடு கையால் எழுதும் மதிப்பெண்ணின் காலம் முடிந்தது. ஜிபியு தேவையில்லாமல் சாதாரண பிராசஸரிலேயே ஓடுவதுதான் இதன் அருமை. ஒரு மூவில் இரண்டு, மூன்று காய்தான் இடம் மாறுகிறது. ஆகவே முதல் அடுக்கை முழுவதும் கணக்கிடாமல், மாறியதை மட்டும் கூட்டிக் கழித்தால் போதும்.

768 உள்ளீடு, 128 மறை நியூரான், ஒரு வெளியீடு. முதல் நெட்டுக்கு இது தாராளம். பயிற்சி நிலைகளை உங்கள் இன்ஜினே தன்னோடு ஆடி உண்டாக்கட்டும். அடுத்தவர் இன்ஜின் மதிப்பெண்ணை வாங்கிப் பயிற்றுவித்தால் பலம் வரும், ஆனால் அது உங்கள் இன்ஜின்தானா என்ற கேள்வியும் கூடவே வரும். ஆனாலும் கையால் எழுதிய மதிப்பெண்ணை முதலில் முழுதாகச் செய்து பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். நேராக நெட்டுக்குப் போனவர்கள் தேடலில் இருக்கும் ஓட்டையை நெட்டின் பலம் மூடி மறைத்துவிடுவதைக் கவனிப்பதில்லை.

வெளியே விடுவது

கிட்ஹப்பில் உரிமத்தோடு போடுங்கள். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தயார் நிலையில் கோப்பு கொடுங்கள், யாரும் உங்களுக்காக கம்பைல் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். லிசெஸ்ஸில் இன்ஜின்களுக்கான பாட் (bot) கணக்கு திறக்கலாம். ஒரு ஆட்டம்கூட ஆடாத புதுக் கணக்காக இருக்க வேண்டும், மாற்றினால் திரும்ப மனிதக் கணக்காக்க முடியாது. பழைய கணக்கைக் கொடுத்துவிட்டு வருத்தப்படாதீர்கள்.

ஸ்டாக்ஃபிஷுக்குப் பங்களிக்க ஆசையா? 2013ல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பு இருக்கிறது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் கணினியைக் கொடுத்து மற்றவர்களின் யோசனைக்கு ஆட்டம் ஓட்டுகிறார்கள். நீங்களும் முதலில் கணினியைக் கொடுங்கள், அப்படியே சில வாரம் மற்றவர்கள் என்ன முயல்கிறார்கள், எது விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலானவை விழும். பிறகு உங்கள் மாற்றத்தை அனுப்புங்கள்: 10 நொடி ஆட்டத்தில் பாஸ் ஆனால் 60 நொடி ஆட்டத்தில் மறு சோதனை, இரண்டும் தாண்டினால்தான் பேச்சு. புதிதாகச் சேர்ப்பதற்கு இருக்கும் மரியாதை, பலம் குறையாமல் இருக்கும் வரிகளை எடுப்பதற்கும் அங்கே உண்டு. புதியவர்களுக்கு அதுதான் நல்ல வாசல்.

மேட் போடவில்லையே என்று கேட்ட அந்தப் பையன் அப்போது எட்டாம் வகுப்பு, இப்போது ஒன்பதாவது. அவனுக்கும் கிட் சொல்லிக்கொடுத்தேன். போன மாதம் அவன் அனுப்பிய முதல் மாற்றத்தில் ஒரு வரிகூடப் புதிதாக இல்லை. பிடிவாதமாக நான் எடுக்காமல் வைத்திருந்த ராஜா பாதுகாப்பு நாற்பது வரியை அழித்திருந்தான். இரண்டு ராத்திரி ஓடிப் பாஸ் ஆனது. "சார், கோச்சிக்காதீங்க, பெஞ்ச் நம்பர் மாறிட்ச்சு, கமிட்ல போட்டுக்கீறேன்" என்றான்.